13 வயதில் ஸ்டீம் ரயில்வேயில் தன்னார்வப் பணி: பின்னாளில் வேலைக்கு உதவுமா?

இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: 13 வயது மகன் அருகிலுள்ள பாரம்பரிய ஸ்டீம் ரயில்வேயில் வார இறுதிகளில் தன்னார்வலனாகச் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சேர்த்தால் பின்னாளில் வேலைக்கு உதவுமா, இல்லை சனிக்கிழமை டியூஷனைக் கெடுக்கும் பொழுதுபோக்காகப் போய்விடுமா? கேள்வி வேலையைப் பற்றித்தான். ஆனால் கடைசியில் அவர் சேர்த்திருக்கும் வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "கடல் தாண்டி வந்து படிக்க வைப்பது கரி அள்ளவா என்று இவன் அப்பா கேட்கிறார்." அப்படிப் பார்த்தால் இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கே ஒரு சிறுவன் என்ன கற்றுக்கொள்கிறான் என்பது ஒன்று. அதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். அது அவன் தொழிலைத் தீர்மானிக்குமா என்பது இன்னொன்று. அதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு, உறுதி கிடையாது.

நான் ரயில்வே சிக்னல் பொறியாளன். மின்னியல் படித்து, சில காலம் இந்தியாவில் வேலை பார்த்து, இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிதாகப் போடும் சிக்னல் அமைப்புகளைச் சோதித்துச் சான்று தருவதுதான் பிழைப்பு. அப்ரண்டிஸ் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் ஒரு பாரம்பரிய ரயில்வேயின் சிக்னல் பாக்ஸில், அதாவது சிக்னல்களை இயக்கும் அறையில், இருப்பேன். சிறுவயதில் நான் இப்படி எதுவும் செய்ததில்லை. நம் ஊரில் அதற்கு வழியும் இல்லை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போன நீலகிரி மலை ரயிலை இன்றும் இந்திய ரயில்வேயின் ஊழியர்கள்தான் ஓட்டுகிறார்கள். மேட்டுப்பாளையத்துப் பையனால் அதில் பயணியாகத்தான் ஏற முடியும். அதனால் உங்கள் கணவரின் கேள்வியில் தப்பில்லை. அவர் பார்த்திராத ஏற்பாடு இது.

பிரிட்டனில் இந்த ரயில்வேக்கள் உருவான விதத்திலேயே இளவயதுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வேல்ஸில் டாலிலின் ரயில்வேயின் உரிமையாளர் 1950-இல் இறந்ததும் பாதை மூடப்படும் நிலை வந்தது. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்காமில் கூட்டம் போட்டு, 1951 மே மாதத்திலிருந்து அதைத் தன்னார்வலர்களாகவே ஓட்டத் தொடங்கினார்கள். உலகிலேயே இப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்வே அது. அதே 1951-இல், மூடிக் கிடந்த ஃபெஸ்டினியோக் ரயில்வேயை மீட்க முதல் கூட்டத்தைக் கூட்டியவர் லெனர்ட் ஹீத் ஹம்ஃப்ரிஸ். அப்போது அவருக்கு வயது 17. லீட்ஸில் மிடில்டன் ரயில்வேயை 1960-இல் ஓடவைத்ததில் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னால் நின்றார்கள். ஃபெஸ்டினியோக்கின் பழைய பாதையில் ஒரு பகுதி மின்நிலைய நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது, 1965-இல் தொடங்கி 1978 வரை சுமார் இரண்டரை மைல் புதுப்பாதை போட்டார்கள். மலைச்சரிவை வெட்டி, தன்மேலேயே ஏறிக் கடக்கும் சுழல்பாதை உட்பட, அதில் பெரும்பகுதி மண்வேலையை விடுமுறைக்கு வந்த மாணவர்களும் மற்ற தன்னார்வலர்களும் செய்தார்கள். ஆகவே உங்கள் மகன் கேட்பது விசித்திரமான ஆசை இல்லை. இந்த நாட்டில் அதற்கு எழுபது வருடத்துக்கும் மேலான பழக்கம் இருக்கிறது.

சரி, 13 வயதில் என்ன வேலை தருவார்கள்? எஞ்சின் ஓட்டத் தர மாட்டார்கள், அது நிச்சயம். கரி அள்ளவும் இப்போதைக்கு விட மாட்டார்கள். பிளாட்பாரத்தில் பூச்செடி, பெட்டிகளைக் கூட்டித் துடைப்பது, பித்தளைக்குப் பாலிஷ், டிக்கெட் கவுன்டரில் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் நிற்பது, வண்டி ஓடாத சைடிங்கில் பெயின்ட். வயது ஏற ஏறத்தான் எஞ்சின் ஷெட். அங்கே முதல் படி கிளீனர். எண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைப்பது அழகுக்காக மட்டும் இல்லை. துடைக்கிற கைதான் தளர்ந்த நட்டையும் மயிரிழை விரிசலையும் முதலில் கண்டுபிடிக்கும். கிளீனரிலிருந்து எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன், அதிலிருந்து டிரைவர். ஒவ்வொரு படிக்கும் இடையில் வருடங்கள் இருக்கின்றன, தேர்வும் இருக்கிறது. அந்தத் தேர்வுக்குத் தயார் செய்ய ஷெட்டிலேயே மாலை வகுப்பு நடக்கும். பரஸ்பர முன்னேற்ற வகுப்பு என்று அதற்குப் பெயர். விக்டோரியா காலத்து எஞ்சின் தொழிலாளிகள் சம்பளமில்லாத நேரத்தில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்ட பழக்கம், பாரம்பரிய ரயில்வேக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரேக் எப்படிப் பிடிக்கிறது, பாய்லரில் தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் ஈயச்செருகி ஏன் உருகுகிறது, அப்படி உருகினால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். டியூஷனுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அந்த வகுப்பை ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

எஞ்சின் பக்கம் எனக்குக் கேள்வி ஞானம்தான். சிக்னல் பாக்ஸைப் பற்றி மட்டும் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கு மணியடித்துத்தான் பேசுவோம். ஒரு தட்டு தட்டினால் 'கவனி'. மூன்று தட்டு, இடைவெளி, ஒரு தட்டு என்றால் 'சாதாரணப் பயணி வண்டிக்குப் பாதை காலியா?' அந்தப் பக்கத்தில் இருப்பவர் அதையே திருப்பித் தட்டினால்தான் சம்மதம். வண்டி புறப்பட்டதும் இரண்டு தட்டு. அங்கே போய்ச் சேர்ந்து, கடைசிப் பெட்டியின் வால் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகே இரண்டும் ஒன்றும். ஒவ்வொரு தட்டையும் நிமிடக் கணக்கில் பதிவேட்டில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பதிவேடு எழுத உதவும் பையன்கள் முதலில் சிணுங்குவது இந்த விதிக்குத்தான். பள்ளியில் அழிப்பான் வைத்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தன் தப்பு எல்லார் கண்ணிலும் படும்படி அப்படியே கிடப்பது உறுத்தும். அது உறுத்தாமல் போகும் நாளில் அவர்கள் வேறு ஆளாகியிருப்பார்கள்.

பாக்ஸிலிருந்து இழுத்து இயக்கும் லீவர்களில் சிவப்பு நிறம் வண்டியை நிறுத்தும் சிக்னலுக்கு, மஞ்சள் முன்னெச்சரிக்கை தரும் தூரச் சிக்னலுக்கு, கறுப்பு தடம் மாற்றும் பாயின்ட்டுக்கு, நீலம் பாயின்ட் பூட்டுக்கு. சில லீவர்களில் ஓர் இரும்பு வளையம் மாட்டியிருக்கும். சிக்னலுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால், மறந்துபோய் அந்த லீவரை இழுத்துவிடாதபடி மாட்டுவது. எதற்கு இந்த வளையம், நின்றுகொண்டிருக்கும் வண்டி கண்ணுக்கே தெரிகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போதுதான் 1915-இல் ஸ்காட்லாந்து எல்லை அருகே குவின்டின்ஷில்லில் நடந்ததைச் சொல்வேன். சிக்னல் பாக்ஸுக்கு எதிரிலேயே ஒரு லோக்கல் வண்டி நிறுத்தியிருந்தது. பணிக்கு வந்த சிக்னல்காரர் அதே வண்டியில் வந்து இறங்கியவர். வளையம் மாட்டவில்லை, வண்டியை மறந்துவிட்டார், ராணுவ வீரர்கள் வந்த ரயிலுக்குப் பாதை கொடுத்துவிட்டார். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்ணுக்கு எதிரே இருப்பதை மனித மூளை மறக்கும் என்பதை நான் பொறியியல் கல்லூரியில் படிக்கவில்லை. இங்கே அது ஒரு வளையத்தோடு 14 வயதிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

இதெல்லாம் பழைய கருவி, இன்றைய வேலைக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1874-இல் நார்விச் அருகே தோர்ப்பில், ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகளை அனுப்பிவிட்டார்கள். 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878-இல் ஒரு கருவி செய்தார். பாதையின் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகள் மின்சாரத்தால் இணைந்திருக்கும். இரண்டிலும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான், அதாவது ஒரு டோக்கன்தான், வெளியே வரும். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. நம் ஊரில் பிரம்பு வளையத்தில் தோல் பையைக் கோத்து ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் நீட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பைக்குள் இருந்த உருண்டையும் இதே வேலையைத்தான் செய்தது. இப்போது வேல்ஸில் டவின் என்ற சின்ன ஊருக்குப் போனால், ஒரு பக்கம் டாலிலின் ரயில்வேயின் நிலையத்தில் டிரைவர் கையில் டோக்கன் மாறுவதைப் பார்க்கலாம். சில நிமிட நடையில் தேசிய ரயில்வேயின் கேம்ப்ரியன் பாதை இருக்கிறது. பிரிட்டனில் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை முதலில் வந்த பாதை அது, 2011-இல். அங்கே தண்டவாளத்தின் ஓரத்தில் சிக்னல் கம்பமே இல்லை. எதுவரை போகலாம் என்ற அனுமதி ரேடியோ வழியாக டிரைவரின் திரைக்கு வருகிறது. அந்த அனுமதியின் தர்க்கத்தைப் புதிய பட்டதாரிகளுக்கு வெள்ளைப்பலகையில் விளக்க எனக்கு ஒரு பகல் ஆகும். டோக்கனைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு அரைமணி போதும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாதை என்பது அவன் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

என் தொழிலில் இன்னொரு பெயரையும் அடிக்கடி சொல்வோம், கிளாபம். 1988 டிசம்பரில் லண்டனின் கிளாபம் ஜங்ஷன் அருகே 35 பேர் இறந்தார்கள். பழைய ஒயர் ஒன்றை வெட்டி எடுக்காமல் விட்டிருந்தார்கள்; அது மறுபடி தொடர்பை ஏற்படுத்தி, சிவப்பாக வேண்டிய சிக்னலை ஆகவிடாமல் தடுத்தது. ஒயரிங் செய்தவர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். அவர் செய்ததை வேறொருவர் தனியாகச் சோதிக்கவும் இல்லை. இன்று நான் பார்க்கும் வேலையே அந்த விபத்துக்குப் பிறகு இறுக்கப்பட்ட விதிகளால் வந்ததுதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் சோதிப்பது அவமானம் இல்லை என்பது கேட்க எளிது. இருபத்தைந்து வயது பொறியாளர்கள் பலருக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. வார இறுதியில், ஊர் பேர் தெரியாத எழுபது வயதுக்காரர் ஒருவர் "மறுபடி செய் தம்பி" என்று சொல்லச் சொல்ல வளர்ந்த பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பொறுப்பை ஒழுங்கோடு சுமக்கவும், திருத்தப்படும்போது கோணாமல் நிற்கவும் அங்கே நிஜமாகவே கற்றுத் தருகிறார்கள். பள்ளியில் தப்பு செய்தால் மார்க் குறையும். அங்கே வண்டி நிற்கும், இருநூறு பயணிகள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

இனி சந்தேகத்துக்குரியது. பாரம்பரிய ரயில்வேயில் வளர்ந்த பிள்ளைகள் ரயில்வே வேலைகளில் நிறைய இருக்கிறார்கள். டிரைவர், பாதைப் பொறியாளர், கட்டுப்பாட்டு அறை, பாதுகாப்பு ஆய்வு என்று எல்லா இடத்திலும் பார்க்கிறேன். சிக்னல் பொறியாளர்களின் நிறுவனமான ஐஆர்எஸ்இ-யில் சிறு ரயில்வேக்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. பகலில் கம்ப்யூட்டர் இன்டர்லாக்கிங் (மோதக்கூடிய இரண்டு பாதைகளுக்கு ஒரே நேரத்தில் சிக்னல் தராதபடி பூட்டும் அமைப்பு) செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கம்பியால் இயங்கும் சிக்னலைப் பழுது பார்ப்பார்கள். ஆனால் இதை வைத்து 'தன்னார்வப் பணிதான் அவர்களை ரயில்வேக்குக் கொண்டுவந்தது' என்று சொன்னால் அது சரியான கணக்கு இல்லை. ரயில் பைத்தியம் ஏற்கெனவே பிடித்த பிள்ளைதான் அங்கே போகிறது. போகாமல் இருந்தாலும் அது ரயில்வேயில் சேர்ந்திருக்கலாம். அங்கே வளர்ந்து ஆசிரியராகவோ நர்ஸாகவோ போனவர்கள் என் கண்ணில் படப்போவதில்லை. என் தேர்வுக் குழுவுக்கு அவர்கள் வரமாட்டார்கள். என் அபிப்பிராயம், ஆசை ஏற்கெனவே இருந்தால் இந்தப் பணி அதற்கு ஒரு திசை தரும். ரயில் பிடிக்கும் என்று வந்த பையன் ஒருவன் தனக்குப் பிடித்தது ரயில் இல்லை, பூட்டும் தர்க்கமும்தான் என்று கண்டுபிடிக்கிறான். இன்னொருத்தி பெட்டிகளின் மர வேலையில் விழுகிறாள். வேறொருவனுக்கு டிக்கெட் கவுன்டரில் மனிதர்களோடு பேசுவதுதான் வருகிறது. 13 வயதில் இதைக் கண்டுபிடிக்க வேறு மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

நேர்காணலில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 'பாரம்பரிய ரயில்வேயில் தன்னார்வலர்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருப்பதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. 'பாதுகாப்பில்லை என்று தோன்றிய ஒரு வேலையைச் செய்யச் சொன்னபோது என்ன செய்தாய்?' என்று கேட்பேன். பெரும்பாலான பிள்ளைகள் 'மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்' என்று எதிர்காலத்தில் பதில் சொல்வார்கள். அங்கே வேலை பார்த்த பிள்ளை 'அன்றைக்கு மழை, ஷன்டிங் செய்ய வெளிச்சம் போதவில்லை, கை காட்டி நிறுத்தினேன், டிரைவர் திட்டினார், அப்புறம் சரி என்றார்' என்று இறந்தகாலத்தில் சொல்லும். அந்த வித்தியாசத்துக்கு மதிப்பெண் உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எல்லா எஞ்சின் எண்ணும் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த, புதிய தொழில்நுட்பம் எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்குகிற பிள்ளைகளும் அங்கிருந்துதான் வருகிறார்கள். பழையது எல்லாம் உசத்தி என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அப்படியே படிந்துபோனவர்கள். கணக்கில் தேறாமல் இருக்க இதைச் சாக்காக வைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சிக்னல் பாக்ஸ் எவ்வளவு கற்றுத் தந்தாலும் கணக்குப் பாடத்துக்கு அது ஈடாகாது. இங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இ-யில் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் என் துறைக்குள் நுழைவது கஷ்டம்.

கரி அள்ளுவதைப் பற்றி உங்கள் கணவருக்கு: கையால் செய்யும் வேலை படித்தவனுக்குக் கீழானது என்ற எண்ணத்தை நாம் ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம், நானும்தான். இங்கே பாய்லர் செய்யத் தெரிந்த ஆட்கள் குறைவு. அந்தக் கைத்திறன் அழியாமல் இருக்கவே ஒரு பயிற்சி அறக்கட்டளை நடக்கிறது. ஃபெஸ்டினியோக்கின் பாஸ்டன் லாட்ஜ் பணிமனையில் 1979-இலும் 1992-இலும் 2023-இலும் புத்தம்புது நீராவி எஞ்சின்களையே செய்து வெளியே விட்டார்கள். இதில் பிழைப்பு உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. இதையே குறியாக வைக்கச் சொல்ல மாட்டேன். நிலக்கரியும் பிரச்சினை, பிரிட்டனின் கடைசி ஆழச் சுரங்கம் 2015-இல் மூடப்பட்டது, வேல்ஸின் ஃபோசிஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023-இல் நின்றது. இப்போது பல ரயில்வேக்கள் இறக்குமதிக் கரியையோ கலவைக் கட்டிகளையோ எரிக்கின்றன, செலவு ஏறுகிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1920-இல் வந்த ஒரு சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகளைத் தொழில் நிறுவனங்களில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அதன் வரையறைக்குள் ரயில்வேயும் வருகிறது. அன்றைக்குத் தன்னார்வ ரயில்வே என்று ஒன்று இருக்கவில்லை. இது சிறுவர்களின் சம்பளமில்லாப் பணிக்கும் பொருந்துமா, திருத்த வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் பலமுறை பேசியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு ரயில்வேயும் தன் வக்கீலும் காப்பீட்டுக்காரரும் சொல்வதை வைத்து வயது வரம்பு போடுகிறது. சில 16-க்குக் கீழே எடுப்பதில்லை. சில தனி இளையோர் குழு வைத்து, குழுப் பொறுப்பாளர்களின் பின்னணியைச் சோதித்து, ஓடும் பாதையிலிருந்து தள்ளி நிற்கும் வேலைகளை மட்டும் தருகின்றன. உங்கள் பக்கத்து ரயில்வே எந்த வகை என்பதைத் தொலைபேசியில் கேட்காமல் நேரில் போய்ப் பாருங்கள். இளையோருக்கு யார் பொறுப்பு, ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனியே இருக்கும் நிலை வருமா, தண்டவாளத்தைக் கடக்க என்ன விதி என்று கேளுங்கள். பதில் சட்டென்று வராத இடத்தில் சேர்க்காதீர்கள், எஞ்சின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

டியூஷன் விஷயத்தில், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்று தொடங்கலாம். பள்ளியின் 11-ஆம் ஆண்டில் ஜிசிஎஸ்இ தேர்வு நெருங்கும்போது நிறுத்தி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அங்கே எல்லாருக்கும் வீடும் வேலையும் உண்டு. கோடையில் சேர்க்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலான பாதைகளில் வண்டி ஓடாது. மழையிலும் குளிரிலும் பெயின்ட் சுரண்டுவதும் சாமான்களை அடுக்குவதும்தான் நடக்கும். அப்போது ஒரு மாதம் போகட்டும். மார்ச்சிலும் தானாக எழுந்து கிளம்பினால் தாராளமாக அனுப்புங்கள். எஃகு முனை வைத்த பூட்ஸை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். சில இடங்களில் அவர்களே தருவார்கள், அதோடு 13 வயதுக் கால் ஆறு மாதத்தில் அடுத்த அளவுக்குப் போய்விடும்.